குணநாயகம் சொன்ன பாதி உலகம்

முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பரமேஸ்வரி ரீச்சர் கேட்டுக்கொண்டார். காலமான குணநாயகத்தின் மனைவி அவர். எழுதும்போது முறை தவறிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே சொல்லப் போகிறவற்றை முதலிலேயே இலக்கமிட்டுக்கொள்கிறேன்.

1. இறந்த செய்தி எனக்கு வந்த விதம்.
2. மின்சாரம் இல்லாத காலத்தில் நாங்கள் கிறிக்கெற் கேட்ட விதம். அதில் என் பங்கு.
3. பெரிய விளையாட்டுப் போட்டிகளை உலகில் உண்மையாக எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது பற்றி எங்களுக்குள் இருந்த வழக்கு. அதில் நான் சொன்னதே சரி என்பது.
4. ஊர்ச்சனம் அவர் வீட்டில் கூடியது தொலைக்காட்சிக்காகவே, அவருக்காக அல்ல என்பது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

நான்காவது இலக்கம் நினைவு மலர் ஒன்றுக்குப் பொருந்துமா என்று சந்தேகமாக இருந்தது. ரீச்சரிடமே கேட்டேன். "உள்ளதை எழுதுங்கோ மாஸ்டர். புகழ்ந்து எழுதினா அவருக்கே சிரிப்பு வரும்" என்றார். அந்த அனுமதியோடு தொடங்குகிறேன்.

அன்று காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் வீதியில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வரும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தல் அப்படித்தான் வரும். அறிவிப்பவர் எப்போதும் குணநாயகம். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய குரலைப் பரந்தனைச் சுற்றியுள்ளவர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, கழகங்களின் கால்பந்தாட்டம், சாவு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குரல்தான். மைதானத்தில் சனத்தை விட மாடுகள் அதிகமாக நின்ற நாளிலும் "ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மத்தியிலே" என்றுதான் அவர் தொடங்குவார். பக்கத்துக் கதிரையில் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருக்கும் கணித ஆசிரியர் நான். "மாடுகளையும் சேர்த்தோ?" என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "அதுகளும் பாக்குதுகள்தானே மாஸ்டர்" என்றார்.

அன்று காலை, யார் போய்விட்டார்களோ, குணம் சொல்லட்டும் என்று துவாயோடு நின்றேன். ஓட்டோ கிட்ட வந்தது. குரல் வேறாக இருந்தது. ஓட்டோக்காரரே ஒரு கையில் தாளைப் பிடித்துத் தடுமாறித் தடுமாறி வாசித்துக்கொண்டு வந்தார். பெயர் வருமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் குணநாயகம் அந்த ஒலிவாங்கியை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கவே மாட்டார்.

துக்கம் வந்தது. அதனோடு கூடவே இன்னொன்றும் வந்தது. என் அறிவித்தலை இனி யார் வாசிப்பார்கள்? அவர் வாசித்திருந்தால் மூன்று ஊர் வந்திருக்கும்.

செத்தவீட்டை வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்காக நேரடியாக ஒளிபரப்பினார்கள். பின்னேரம் சுடலையால் வந்த பிறகு, அவருடைய மருமகன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "பாருங்கோ மாஸ்டர், மாமாவின்ர செத்தவீட்டை ஆயிரக்கணக்கில சனம் பாத்திருக்கு."

"ஒராள் மூண்டு தரம் திறந்தா அது மூண்டாத்தான் விழும் தம்பி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அப்பால் போனார். அந்தக் கணக்கைச் சொல்வதற்கு அது இடம் அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. குணநாயகம் இருந்திருந்தால் உடனே ஒரு பதில் சொல்லியிருப்பார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். நான் சொன்னதும் ஒரு பகிடியாகப் போயிருக்கும். வீட்டுக்கு நடந்து வரும்போது, என் செத்தவீட்டை யார் திறந்து பார்ப்பார்கள் என்று யோசித்தேன். கனடாவில் இருக்கும் மகள் திறப்பாள். மூன்று தரமும் அவளே திறப்பாள்.

இனி இரண்டாவது. எங்கள் இருவரின் தகப்பன்மாரும் குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். நாங்கள் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். போர்க்காலத் தடையால் பற்றரி வன்னிக்குள் வராத காலம் ஒன்று இருந்ததை இதை வாசிப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் ரயரில் டைனமோவை முட்டவிட்டு, அதிலிருந்து வயர் எடுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் குரல் மங்கிவிடும். கூடினால் றேடியோ எரிந்துவிடும். ஒரே சீராகச் சுற்றுவதற்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். அந்த வேலை எனக்குத்தான் வரும்.

குணநாயகம் றேடியோவுக்கு மேல் காதை வைத்துக்கொண்டு, சுற்றி நிற்கும் சனத்துக்கு ஆட்டத்தைச் சொல்வார். அலை விட்டுப்போனால் அவரே இரண்டு பந்து வீசி ஒரு நான்கும் அடித்துவிடுவார். பிறகு றேடியோ திரும்பி வந்து வேறு கணக்குச் சொன்னால், "நடுவர் மாத்திப்போட்டார்" என்பார். பங்கர் வாசலில் நின்ற சனம் வயிறு நோகச் சிரிக்கும். அப்படி ஒரு நாள்தான் அவர் அந்த வசனத்தை முதன்முதலாகச் சொன்னார். "இந்த நிமிசம் உலகத்தில பாதிச் சனம் இதைப் பாத்துக்கொண்டு இருக்கு. நாங்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறம். வித்தியாசம் அவ்வளவுதான்."

"பாதி இராது" என்று பெடலைச் சுற்றிக்கொண்டே சொன்னேன். சில்லுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

செத்தவீட்டுக்கு முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த ஒருவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்து அந்தக் காலத்தை நினைவுபடுத்தினார். "குணம் அண்ணை கிறிக்கெற் சொன்னது இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. ஆரோ ஒருத்தர் சைக்கிளைச் சுத்தினவர் என்ன? ஆர் மாஸ்டர் அது?"

"ஞாபகமில்லை" என்றேன்.

மூன்றாவதுதான் இக்கட்டுரையின் முக்கியமான பகுதி என்று நினைத்திருந்தேன். போர் முடிந்து மீளக் குடியேறி, வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, மின்சாரமும் வந்த பிறகு குணநாயகம் ஒரு தொலைக்காட்சி எடுத்தார். சின்னப் பெட்டி. கொஞ்சக் காலத்தில் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு மேலிருந்து கீழாக நிரந்தரமாக விழுந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு முன்தான் ஊர் கூடியது. உலகக் கிண்ணம் என்றால் கிறிக்கெற்றோ கால்பந்தோ, அவருடைய முன் அறை நிரம்பி விறாந்தையும் நிரம்பும். ஆட்டம் தொடங்குமுன் அவர் திரைக்கு முதுகைக் காட்டி எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்துவார். "உலகத்தில பாதிச் சனம் இப்ப பாத்துக்கொண்டு இருக்கு. பரந்தனும் பாக்குது. சரி, தொடங்கலாம்." அவர் சொல்லித்தான் நடுவர் தொடங்குகிறார் என்பது போல இருக்கும்.

நான் படித்த அளவில் உண்மை இது. பெரிய போட்டி ஒன்று முடிந்ததும், அதை நடத்துபவர்கள் கோடிக்கணக்கில் ஓர் எண்ணை வெளியிடுவார்கள். அந்த எண்ணை எடுக்கப் பல வழிகள் உண்டு. ஒளிபரப்புப் போய்ச் சேரக்கூடிய நாடுகளில் பெட்டி வைத்திருக்கும் எல்லோரையும் கூட்டலாம். அவர்கள் பெட்டியைப் போட்டார்களா என்று பார்க்கத் தேவையில்லை. ஒரு நிமிடமேனும் பார்த்தவர்களைக் கூட்டலாம். செய்தி தேடி அலைவரிசை மாற்றும்போது கண்ணில் பட்டவரும் அதில் வந்துவிடுவார். தொடர் நடந்த வாரங்களில் ஏதோ ஒரு நாள் பார்த்தவர்கள் எல்லோரையும் கூட்டலாம். அல்லது, சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அளக்கலாம். இந்தக் கடைசி எண்தான் நேர்மையானது. மற்றவற்றை விட மிகச் சிறியதும் அதுதான். ஆகவே அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. அளவிடும் கருவியும் சில நாடுகளில், தெரிந்தெடுத்த சில வீடுகளில்தான் இருக்கிறது. மிச்சம் எல்லாம் ஊகம். கிறிக்கெற்றை எடுத்துக்கொண்டால், அது பெரும்பாலும் எங்கள் பக்கத்து நாடுகளின் பைத்தியம். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்பதே உலகில் பெரும்பகுதிக்குத் தெரியாது. ஒரு நாட்டுக்குள் பெரிதாக இருக்கும் விளையாட்டை அந்த நாட்டார் உலகமே பார்ப்பதாக நம்பிவிடுகிறார்கள். போதாததற்கு, நாங்கள் பார்க்கும் நேரத்தில் பூமியின் மறுபக்கம் படுத்திருக்கும்.

இவ்வளவையும் ஒருமுறை அவர் வீட்டில் எழுந்து நின்று விளக்கினேன். நான் பொதுவாக எழுந்து நின்று பேசுபவன் அல்ல. அன்று பேசினேன். பேசி முடித்தபோது ஒரு விக்கெற் விழுந்திருந்தது. நான் திரையை மறைத்து நின்றதால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

குணநாயகம் கோபிக்கவில்லை. "மாஸ்டர், நித்திரை கொள்ளுற சனத்தை மற்றப் பாதியில போடுங்கோ. அங்க இடம் இருக்கு" என்றார்.

அறை சிரித்தது. நான் விடவில்லை. "உலகத்தை விடுங்கோ. இந்த அறைக்குள்ளயே பாதிப்பேர்தான் பாக்கினம்" என்றேன். அது கண்ணால் கண்ட உண்மை. மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் வயல் செய்யும் ராசு, கதிரையில் தலை தொங்க உறங்கிக்கொண்டிருந்தார். உழவு இயந்திரம் வைத்திருக்கும் செல்வனும் பக்கத்தில் இருந்தவரும் யூரியா வந்ததா, வரவில்லையா என்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி உட்படப் பெண்கள் எல்லோரும் குசினிக்குள் கச்சான் வறுத்தபடி வேறு ஏதோ கதை.

குணநாயகம் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நடுவரைப் போல ஒரு விரலை உயர்த்தினார். "பாதி எண்டு மாஸ்டரே ஒப்புக்கொண்டிட்டார்."

அந்தச் சிரிப்பில் ராசு விழித்து, "விக்கெட்டா?" என்று கேட்டார். அதற்கு இன்னொரு சிரிப்பு. அன்றிலிருந்து ஊரில் என்னை எங்கு கண்டாலும், "என்ன மாஸ்டர், பாதியோ?" என்பார்கள். சரியான கணக்கைச் சொன்னவன் நான். பெயர் எடுத்தவர் அவர்.

ஒரே ஒரு தடவைதான் அவர் பகிடி இல்லாமல் கேட்டார். "இஞ்ச வன்னிக்குள்ள வந்து ஆரும் எண்ணினவையோ மாஸ்டர், நாங்கள் எத்தினை பேர் பாக்கிறம் எண்டு?"

"இல்லை. இஞ்ச அந்தக் கருவி இராது."

"அப்ப எங்களை விட்டிட்டுத்தான் கணக்கு. எங்களையும் கூட்டிப் பாருங்கோ."

கூட்டினாலும் பாதி வராது. அந்தப் பதில் என்னிடம் இருந்தது. சுற்றி இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை.

நான்காவதுக்கு வருகிறேன். என் மகள் எனக்கு ஒரு தொலைக்காட்சி வாங்கித் தந்தாள். சுவரில் மாட்டும் வகை. குணநாயகத்தின் பெட்டியைப் போல மூன்று மடங்கு இருக்கும். பச்சைக் கோடு இல்லை. ஆனாலும் சனம் அங்கேதான் போனது. என் மனைவியும் பின்னேரமானால் சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். "எங்கட வீட்டிலயும் இதே மேட்ச்தான் போகுது" என்று ஒருமுறை சொன்னேன். "ஓம், நீங்கள் பாருங்கோ, நான் வாறன்" என்றாள். கூப்பிடாமல் எப்படி வருவார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. பழக்கத்தில் அங்கே போகிறார்கள், முதலில் பெட்டி எடுத்தவர் அவர் என்பதால் போகிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதுதான் என் முடிவு. இலக்கம் நான்கை எழுதியபோதும் அதையே நம்பியிருந்தேன்.

அவர் இறந்து மூன்றாவது ஞாயிறு ஒரு கிறிக்கெற் இறுதிப் போட்டி. சாவுத் துடக்கு உள்ள வீட்டில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரை தொலைக்காட்சி போடமாட்டார்கள். இதுதான் தருணம் என்று எனக்குப் பட்டது. செல்வனைச் சந்தியில் கண்டு, "ஞாயிறு மத்தியானம் எங்கட வீட்டில பாக்கலாம், எல்லாரையும் வரச் சொல்லுங்கோ" என்றேன்.

வந்தார்கள். கோயிலில் கேட்டு எடுத்த கதிரைகளும் நிரம்பின. ஆட்டம் தொடங்கியது. நான் வழக்கம் போலத் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தேன். ஒருவரும் உறங்கவில்லை. ராசு, பரீட்சை மண்டபத்தில் இருப்பவரைப் போல முழங்காலில் கைகளை வைத்து நிமிர்ந்து இருந்தார். யூரியாக் கதை இல்லை. யாராவது இருமினால் கூட வெளியே போய் இருமினார்கள். எல்லாக் கண்களும் திரையில் இருந்தன. நேர்மையான எண் என்று நான் சொல்லிவந்தது இதைத்தான். முழு அறையும் பார்த்தது. என் மனம் மிகவும் நிறைந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் பாதி முடிந்தது. எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"நல்ல கிளியர் மாஸ்டர். பந்தின்ர தையலும் தெரியுது" என்றார் செல்வன்.

"இருங்கோ, தேத்தண்ணி வருது."

"இல்லை மாஸ்டர். மாடு அவிட்டுக் கட்டோணும்."

செல்வனிடம் மாடு இல்லை.

மனைவி தேத்தண்ணிக் கேத்திலோடு வந்தபோது அறையில் கதிரைகள்தான் இருந்தன. "எல்லாரும் மாடு கட்டப் போட்டினம்" என்றேன். அவள் கேத்திலைக் கீழே வைக்கவில்லை. "ரீவியை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணி ஆறுறதுக்கிடையில போவம்."

"எங்க?"

"எங்கயெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

குணநாயகத்தின் வீட்டுப் படலையடியில் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் நின்றன. உள்ளே பெட்டி வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. ராசு தன் பழைய கதிரையில் தலை தொங்க உறங்கிக்கொண்டிருந்தார். யூரியா இன்னும் வரவில்லை. யாரோ கைத்தொலைபேசியைப் பார்த்து, கேட்பாரில்லாமல் ஓட்ட எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ மாஸ்டர்" என்றார் ரீச்சர். "உங்கட வீட்டில நல்ல கிளியராத் தெரியுதாமே?"

நான் செல்வனைப் பார்த்தேன். "மாடு கட்டியாச்சோ?"

"ஓம் மாஸ்டர்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "இஞ்சதான் கட்டுறது."

இரண்டாம் பாதி தொடங்கப்போகிறது என்று தொலைபேசிக்காரர் சொன்னார். அப்படியான நேரத்தில்தான் குணநாயகம் எழுந்து நிற்பார். ரீச்சர் துணி மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ மாஸ்டர். இப்ப எத்தினை பேர் பாக்கினம்?"

ஒளிபரப்பு எட்டக்கூடியவர்கள், ஒரு நிமிடம் பார்த்தவர்கள், சராசரி என்று ஒவ்வொன்றாக நாக்கு வரை வந்தன. அறையைப் பார்த்தேன். அங்கே பார்ப்பவர் ஒருவரும் இல்லை. போக எழுந்தவரும் ஒருவர் இல்லை.

"பாதி" என்றேன். "மற்றப் பாதி நாங்கள்."

சிரித்தார்கள். ரீச்சரும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அதே தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ராசு விழித்து, "விக்கெட்டா?" என்றார். என் வாழ்நாளில் ஓர் அறை நிறையச் சனம் நான் சொன்னதற்குச் சிரித்தது அன்றுதான். அதையும் நான் நிம்மதியாக அனுபவிக்கவில்லை. நான் சொன்னது அவருடைய பகிடி. இல்லாதபோதும் அந்தச் சிரிப்பை அவரே வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது, நான் வைத்துக்கொள்வது. "பாதி" என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொள்கிறேன். கணக்கில் அது பிழை, என்றாலும் வைத்துக்கொள்கிறேன். சைக்கிளைச் சுற்றியது நான்தான் என்பதையும் இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். செத்தவீட்டில் கேட்டவர் இதை வாசிப்பாராக. குணநாயகத்தின் மேல் எனக்கு இருந்த பொறாமையையும் வைத்துக்கொள்கிறேன். அதை மாற்றி வைக்க இந்த ஊரில் அவரைப் போல வேறு ஆள் இல்லை.

எழுதியதை ஒருமுறை சரிபார்த்தேன். மூன்றாம் இலக்கத்தில் மாற்றம் எதுவும் இல்லை. உலகில் பாதி பார்ப்பதில்லை. நான்காம் இலக்கத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்து, பிழையைப் பிழையாகவே விடுவது முறை என்று விட்டிருக்கிறேன். பெட்டிக்காகத்தான் சனம் கூடியது என்று நான் எழுதியது பிழை. அன்று பெட்டி என் வீட்டில்தான் ஓடியது.